பித்தளை போனால் பலமும் போகுமா?

சென்ற வாரம் ஒரு வாசகர் இரண்டு கத்திகளின் படத்தை அனுப்பியிருந்தார். இரண்டுமே அமெரிக்காவின் பக் நிறுவனம் செய்யும் 110 என்ற மடக்குக் கத்தி. ஒன்று, அவருடைய பெரியப்பா எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் இருந்தபோது வாங்கியது. பிடியின் இரு முனைகளிலும் பித்தளை, நடுவில் மரம். இன்னொன்று அவரே அண்மையில் வாங்கிய ‘எல்.டி’ என்னும் எடை குறைந்த வடிவம். பிடி முழுக்கக் கறுப்பு நைலான். “பழையதைக் கையில் எடுத்தால் கத்தி என்று தெரிகிறது. புதியது பொம்மை மாதிரி இருக்கிறது. பித்தளையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக்கைக் கொடுத்து ஏமாற்றுகிறார்களா?” என்று கேட்டிருந்தார்.

ஏமாற்றவில்லை. என்னிடமும் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. தினமும் சட்டைப் பையில் போவது நைலான் பிடி போட்டதுதான்.

110 வெளிவந்தது 1964இல். மடக்குக் கத்தி என்றால் அழுத்தினால் விரல்மேல் மடங்கிவிடும் என்ற பயம் அதற்கு முன்பு வேட்டைக்காரர்களுக்கு இருந்தது. அதனால் இடுப்பில் உறையோடு நீளமான கத்தியைக் கட்டிக்கொண்டு போவார்கள். விரித்தால் உறைக்கத்தி போல அசையாமல் நிற்க வேண்டும், மடக்கினால் இடுப்பு வாரில் ஒரு சின்ன உறைக்குள் அடங்க வேண்டும் என்று செய்ததுதான் 110. அது ஓடிய ஓட்டத்தில், உலகம் முழுக்க அதன் சாயலில் கத்திகள் வந்துவிட்டன.

பழைய வடிவம் 200 கிராமுக்குச் சற்று மேல். எல்.டி 100 கிராமுக்கும் குறைவு. வெட்டும் அலகு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர். பெரியப்பா காலத்து அலகு 440சி என்ற எஃகு. இன்று கடையில் கிடைக்கும் பித்தளைப் பிடிக்கும் நைலான் பிடிக்கும் ஒரே 420எச்.சி எஃகுதான் போடுகிறார்கள். ஆக, குறைந்த எடை முழுவதும் பிடியில் குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை எட்டரை கிராம் இருக்கும், அதே அளவு நைலான் ஒன்றே கால் கிராம் சொச்சம். கணக்கு அவ்வளவுதான்.

சரி, எடை போனதோடு பலமும் போனதா? இதற்குப் பதில், விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டில் இருக்கிறது. எனக்கு இந்தக் கத்தியில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

கத்தியை மெதுவாக விரித்துப் பாருங்கள். பிடியின் முதுகில் ஒரு எஃகுத் தண்டு படுத்திருக்கும். அதன் நடுவில் ஓர் ஆணி, அந்த ஆணியில் அது சீசா பலகை போல ஆடும். தண்டின் பின்பக்கத்தைக் கீழிருந்து ஒரு வில் தகடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் மேலே போனால் முன்பக்கம் கீழே அழுந்தும் அல்லவா? அந்த முன் மூக்கு, அலகின் அடிப்பகுதியில் உள்ள உருண்டையான முதுகை உரசிக்கொண்டே வரும். விரிக்கும்போது பின்முனையில் கட்டைவிரலை லேசாக வைத்திருந்தால், அது மயிரிழை அளவு கீழே இறங்குவதை உணரலாம். அலகு முழுதாக விரிந்ததும் மூக்குக்கு நேரே ஒரு பள்ளம் வரும். மூக்கு அதில் விழும். ‘டக்’.

அந்தப் பள்ளத்தின் பக்கங்கள் நேர்ச்சுவர்கள் இல்லை, கீழே போகப்போகக் கொஞ்சம் குறுகும். ஆப்பு அடித்தது போல மூக்கு அதில் இறுகும். வருடக்கணக்கில் உரசி மூக்கு தேய்ந்தால் என்ன ஆகும்? வில் தகடு விடாமல் அழுத்துவதால் மூக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கி, மறுபடி இறுகிக்கொள்ளும். தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் பூட்டு! முதன்முதலில் இது புரிந்த அன்று நான் ஐம்பது முறையாவது திறந்து மூடியிருப்பேன்.

இப்போது விசை எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். விரித்த அலகின் முதுகில், அது சுழலும் அச்சாணியிலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி, 5 கிலோ எடைக்கு நிகராக அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். மூக்கு உட்காரும் பள்ளம் அச்சாணியிலிருந்து 7 மில்லிமீட்டரில் இருந்தால், நெம்புகோல் விதிப்படி அங்கே பத்து மடங்கு, அதாவது 50 கிலோ விசை. அது தண்டை முன்னோக்கி இழுக்கும். தண்டு தன் ஆணியை இழுக்கும். எதிர்ப்பக்கம், அலகு தன் அச்சாணியைப் பின்னோக்கித் தள்ளும். அலகு, தண்டு, ஆணிகள் என்று இந்த விசையைத் தாங்குவதெல்லாம் எஃகு. இரண்டு ஆணிகளும் ஒன்றையொன்று நெருங்காமல் பிடித்துவைத்திருப்பதுதான் பிடிக்கு மிஞ்சும் வேலை. அதற்கு 100 கிராம் பித்தளை தேவையே இல்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கையை முறுக்கி வெட்டும்போது பிடி வளையக்கூடாது. இங்கேதான் பொருளைவிட வடிவம் முந்திக்கொள்கிறது. ஒரு தகட்டின் வளையாத் தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு தடிமன் என்றால் எட்டு மடங்கு விறைப்பு. கத்திப் பிடிக்கு வார்க்கும் நைலானில் பெரும்பாலும் கண்ணாடி இழை கலப்பார்கள், மண்சுவருக்கு வைக்கோல் கலப்பது போல. 30 சதவீதம் இழை கலந்த நைலானைவிடப் பித்தளை ஏறத்தாழ 12 மடங்கு விறைப்பானது. ஆனால் 2.3இன் மும்மடியும் சுமார் 12தான்! ஆக, 1 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டின் வேலையை 2.3 மில்லிமீட்டர் நைலான் செய்துவிடும். எடையோ மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூட. கூடுதல் தடிமனுக்கு இடம்? பழைய கத்தியில் மெல்லிய பித்தளைத் தகட்டின்மேல் கைக்கு வாகாக மரம் ஒட்டியிருந்ததே, அந்த இடம்தான். மரம் நிரப்பி நின்ற தடிமனை இப்போது நைலான் விறைப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆணி உட்காரும் துளையில் விசை சின்னப் பரப்பில் குவியும். நைலான் அங்கே மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். உடையாது, ஆனால் நாளாக ஆக அலகில் மேலும் கீழுமாக ஓர் ஆட்டம் வரலாம். சூடு அதை வேகப்படுத்தும். நைலான் காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சும். உறிஞ்சினால் அடி தாங்கும், விறைப்பு குறையும். பூட்டு தேய்ந்தால் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது, துளை அப்படிச் செய்வதில்லை. இந்த மாதிரித் தேய்மானத்தை ஆராய ‘டிரைபாலஜி’ என்று தனித்துறையே இருக்கிறது. 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜாஸ்ட் தலைமையில் வந்த அறிக்கைதான் அந்தப் பெயரைப் பரப்பியது. எனக்குத் தெரிந்த இயந்திரவியல் மாணவர்கள் பலர் அதை ஓர் அத்தியாயத்தோடு கடந்துவிடுகிறார்கள். வீட்டுக் கதவின் கீலிலிருந்து ரயில் சக்கரம் வரை தேய்ந்துகொண்டிருக்கும் நாட்டில், ராக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு துளியாவது இதற்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், கனமாக இருந்தால்தான் தரம் என்ற நம்பிக்கை. நகையையும் பாத்திரத்தையும் எடை போட்டு வாங்கிய பழக்கம் அது. அங்கே உலோகமே விலை, அதனால் சரி. கத்தியில் விலை இருப்பது எஃகைப் பதப்படுத்திய விதத்திலும் அந்த மூக்கும் பள்ளமும் பொருந்தும் துல்லியத்திலும். இரண்டையும் தராசு காட்டாது. பழையதன் கனம் கைக்கு ஒரு சுகம் தருவது உண்மைதான். பித்தளைப் பக்கம் எடை சாய்வதால் கத்தி உள்ளங்கையில் அமைதியாக உட்காரும். அந்தச் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் சட்டைப் பையில் போட்டால் துணி ஒரு பக்கம் தொங்கும், பிறகு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். தேங்காய் நார்க் கயிறை அறுக்க வேண்டிய நேரத்தில் மேசை இழுப்பறையில் இருக்கும் கத்தியால் என்ன பயன்?

அந்த வாசகருக்கு: பெரியப்பாவின் கத்தியை விற்றுவிடாதீர்கள். 440சி அலகோடு அது இன்னொரு தலைமுறைக்கு வரும். அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பள்ளத்தில் சேர்ந்த தூசியைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். அன்றாட வேலைக்குப் புதியதை வைத்துக்கொள்ளுங்கள். அதை வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். மாதம் ஒருமுறை விரித்து, அலகின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால், அழுத்தி வெட்டும் வேலைகளைப் பித்தளைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.