சிமெண்டு பூசியும் உதிரும் சுவர்

மழைக்காலம் முடிந்த கையோடு யாங்கோனின் பழைய தெருக்களில் நடந்தால், சுவரோரம் காரைச் சில்லுகள் சிதறிக் கிடக்கும். ஒரு காலத்தில் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய முகல் தெருவிலும், காளி கோயில் இருக்கிற அனோரதா தெருவிலும் நூறு வயதைத் தாண்டிய செங்கல் வீடுகள் இன்னும் நிற்கின்றன. காரை விழுந்தால் வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுவார். அவர் சிமெண்டும் மணலும் குழைத்து அடைத்துவிட்டுப் போவார். பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். சில மழைக்காலம் போனதும் அந்த ஒட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சுற்றியிருக்கும் பழைய பூச்சும், பின்னால் இருக்கும் செங்கல்லும்தான் மாவு மாவாகக் கொட்டும். "பழைய செங்கல், சத்துப் போச்சுங்க" என்று செங்கல்லின் மேல் பழி விழும். செங்கல் பாவம். கெடுத்தது ஒட்டு.

யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடும். சென்னை வாங்குவது இதில் பாதிதான். யாங்கோனுக்குத் தென்கிழக்கே இருக்கும் மோல்மீன் நகரமோ மழையில் யாங்கோனையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இப்படிப்பட்ட ஊரில் சுவர் நனையாமல் இருக்க முடியாது. மழை மேலிருந்து அடிக்கிறது. பின்சந்தில் ஒழுகும் குழாய் பக்கத்திலிருந்து நனைக்கிறது. அடித்தளத்தில் ஈரத் தடுப்பு இல்லாத வீடுகளில், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், செங்கல்லின் நுண்துளைகள் மண்ணிலிருந்தே தண்ணீரை மேலே இழுக்கின்றன. இடுப்பளவு உயரத்தில் சுவரைச் சுற்றி அலை அலையாக ஒரு கறை தெரிந்தால், தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருந்தால் சுவருக்கு ஆபத்தில்லை.

அந்த வழியைத் தருவது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால், அதிலிருக்கும் கரியமில வாயு பறந்துபோய் எடை பாதியை ஒட்டிக் குறையும். மிஞ்சியதில் தண்ணீர் விட்டால் புகைந்து கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துப் பூசும்போது, அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. மேல்தோல் சில வாரத்தில் இறுகும். உள்பக்கத்துக்கு மாதங்கள் ஆகும், வருடமும் ஆகலாம். இப்படி இறுகிய பூச்சில் நுண்துளைகள் நிறைய. ஈரம் அவற்றின் வழியாக ஆவியாகிப் போய்விடும். மயிரிழை வெடிப்பு விழுந்தால்கூட, உள்ளே வரும் தண்ணீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, காயும்போது வெடிப்பிலேயே படியவிட்டுப் போகும். சின்ன வெடிப்புகள் தாமாகவே அடைபடுவது இப்படித்தான்.

ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை வாங்கிய போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காற்று தேவையில்லை. தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகிவிடும். மறுநாள் தட்டினால் கல் மாதிரி இருக்கும். கொத்தனாருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சுண்ணாம்பைவிட அது விறைப்பு, துளைகளும் நெருக்கம். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் பழைய சுவரோடு அது வளைந்துகொடுக்காது, மெல்லிய வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் சுலபமாக உள்ளே போகும், திரும்பி வரச் சிரமப்படும்.

மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் உப்பையும் சுமந்து வருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். சுண்ணாம்புப் பூச்சில் அது மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டால் போயிற்று. சிமெண்டுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் செங்கல்லின் துளைக்குள்ளேயே படிகமாகும். சோடியம் சல்பேட்டை எடுத்துக்கொண்டால், ஒரு மூலக்கூறு பத்துத் தண்ணீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு பழைய கன அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பருக்கிறது. நனைவதும் காய்வதுமாக இது திரும்பத் திரும்ப நடக்கையில் செங்கல்லின் முகம் உள்ளிருந்தே உடைகிறது.

சரி, உங்கள் வீட்டுப் பூச்சு எது? யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகவோ செங்கல்தூள் கலந்து இளஞ்சிவப்பாகவோ மாவு உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், ஆணிக்கு மசியாமல் இருந்தால் சிமெண்டு. தூணும் கம்பியுமாகக் கட்டிய புது வீட்டில் பூச்சு சிமெண்டுதான். அதைச் சிமெண்டாலேயே பழுது பார்க்கலாம். இங்கே சொல்வது பழைய செங்கல் வீட்டுக்கு.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, ஒழுகும் குழாயையும் மழைத்தண்ணீர் வழியையும் முதலில் சரிசெய்ய வேண்டும். அப்புறம் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு பிடித்திருக்கும் இடத்தில் மந்தமான கெட்டிச் சத்தம் வரும். விட்டுப்போன இடம் பானையைத் தட்டியதுபோல் 'டொப்' என்று கேட்கும். அந்த வட்டத்தைச் சாக்கட்டியால் வரைந்து, அதற்குள் இருப்பதை எல்லாம் கொத்தி எடுத்துவிட வேண்டும். செங்கல் இணைப்புகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, தூசு போகப் பிரஷ் போட்டு, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் காரையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் காரை பொடியாகத்தான் நிற்கும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பழக்கமான கணக்கு. ஈர ஊருக்கு அதோடு நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூளான சுர்க்கியைச் சேர்ப்பது நல்லது. அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து, காற்றுக்குக் காத்திராமல் ஈரத்திலும் இறுகும். முதல் பூச்சைக் கரண்டியால் வீசி அடிக்க வேண்டும்; தடவினால் பிடிப்பு வராது. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அது இறுகியதும் மேலே கீறிவிட்டு அடுத்த பூச்சு. வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். அக்டோபர் வாக்கில் வரும் தடின்ஜுட் என்ற பர்மிய விளக்குத் திருவிழா கழிந்து, தை மாசிவரை இதற்குத் தோதான காலம்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான், ஈரம் தோலுக்குப் பின்னால் கொப்புளமாக நிற்கும். வெள்ளையடிப்பதே பொருத்தம். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணமும் சுலபத்தில் பிடிக்காது.

பறவை எச்சத்தில் முளைக்கும் ஆலும் அரசும் இந்த ஊர்ச் சுவர்களின் இன்னொரு சாபம். இரண்டு இலை விடும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். தண்டை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். வேர் தடித்த பிறகு பிடித்து இழுத்தால் செங்கல்லும் கூடவே வரும்.

எல்லா வெடிப்பும் பூச்சு வேலையில் தீராது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, மாந்தளே பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து இறங்கும் வெடிப்பும், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே பெருக்கல் குறிபோல் விழுந்த வெடிப்பும் செங்கல் கட்டே நகர்ந்ததைக் காட்டுபவை. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலும், சுவர் வெளியே தள்ளியிருந்தாலும், கொத்தனாரை அழைக்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கட்டும்.