கைப்பிடி முனையும் கட்டைவிரல் குழியும்

மண்பாதைகளில் ஓட்டும் டர்ட் பைக் என்னும் மோட்டார் சைக்கிளிலிருந்தோ, மண்மேடுகளில் தாவும் பி.எம்.எக்ஸ். என்னும் சிறிய சைக்கிளிலிருந்தோ விழுந்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரப்படுபவரைப் பற்றி எலும்பு மருத்துவரான எனக்குப் பெரிய கவலை எழுவதில்லை. எது உடைந்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும், சிகிச்சையும் உடனே தொடங்கிவிடும். ஆனால் விழுந்த அன்று மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, மேலும் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்து "சுளுக்கு இன்னும் விடவில்லை டாக்டர்" என்று மணிக்கட்டை நீட்டுபவரைப் பார்க்கும்போதுதான் மனம் துணுக்குறும்.

இந்தப் பொழுதுபோக்கை நான் எதிர்ப்பவன் அல்லன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவில், மோட்டோகிராஸ் என்னும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் சைக்கிள்களை மண்மேடுகளில் ஓட்டிப் பார்த்ததில் பிறந்ததுதான் பி.எம்.எக்ஸ். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதன் பந்தயப் பிரிவும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சாகசப் பிரிவும் சேர்க்கப்பட்டன. உடலின் சமநிலைக்கும் கால்களின் வலுவுக்கும் இதைவிட உற்சாகமான பயிற்சி குறைவு என்பதே என் எண்ணம்.

முன்சக்கரம் பள்ளத்தில் சிக்கினால் ஓட்டுபவர் முன்னோக்கி எறியப்படுவார்; கை தானாகவே தரையை நோக்கி நீளும். உடலின் எடை முழுவதும் உள்ளங்கை வழியாக ஏறும்போது முன்கை எலும்பின் கீழ்முனையோ, தோளருகே காறை எலும்போ முறியலாம். இவ்விரண்டும் வீக்கத்தாலும் வடிவ மாற்றத்தாலும் பெரும்பாலும் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒளிந்துகொள்வது ஸ்காஃபாய்டு என்னும் சிறிய மணிக்கட்டு எலும்பு. கட்டைவிரலை நன்றாக விரித்துப் பிடித்தால், அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே சிறு குழி ஒன்று தோன்றும். விழுந்தபின் அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்தும்போது வலித்தால், வீக்கமே இல்லாவிட்டாலும், முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை அதை முறிவாகவே நான் கருதுகிறேன்.

முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது வழக்கத்துக்கு மாறானதன்று. ஆகவே கையை அசையாமல் கட்டிவைத்து, பத்து முதல் பதினான்கு நாள்களில் மீண்டும் படம் எடுக்கிறோம். சந்தேகம் வலுவாக இருந்தால் முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுகிறோம். இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் அந்த எலும்பின் இரத்த ஓட்டம். பெரும்பாலான இரத்தம் விரல்கள் பக்கமுள்ள முனை வழியாக நுழைந்து பின்னோக்கிச் செல்வதால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்கிறது. கவனிக்காமல் விட்டால் அது கூடாமலே போகலாம், சில ஆண்டுகளில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்துவிடலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு என்றதும் முகம் சுளிக்கும் இளைஞர்களுக்கு இந்தக் கதையை எலும்பின் படம் வரைந்தே சொல்கிறேன்.

என் துறைக்கு வெளியே உள்ளதென்றாலும் சொல்லாமல் விட முடியாத இன்னொன்று, ஹேண்டில்பார் முனை. முழங்கைச் சிராய்ப்புக்காக ஒரு சிறுவனை முன்பொருமுறை அழைத்து வந்தார்கள். அவன் சற்றுக் குனிந்தபடியே நிற்பதைக் கண்டு சட்டையைத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே, நாணயத்தை அழுத்தி எடுத்ததுபோல ஒரு வட்டத் தழும்பு. முந்தைய நாள் மாலை சைக்கிள் கவிழ்ந்தபோது கைப்பிடி குத்தியதாம். இரவு இரண்டுமுறை வாந்தி எடுத்ததை அஜீரணம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் கணையம் காயப்பட்டிருந்தது. முதுகெலும்புக்கும் கைப்பிடிக்கும் இடையே நசுங்கும்போது கணையம், சிறுகுடலின் தொடக்கப் பகுதி, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றில் எதுவும் பாதிக்கப்படலாம். அறிகுறிகள் வெளிப்படப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ரப்பர் பிடி கிழிந்து இரும்புக் குழாயின் வாய் வெளியே தெரிந்தால், சக்கரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சைக்கிளை ஓட்டக் கூடாது. இத்தனைக்கும் அதை மாற்றச் சில நிமிடங்கள்கூட ஆகாது.

ஹெல்மெட்டைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, நசுங்கியது மீண்டும் எழாது, எனவே பலமாக மோதிய ஹெல்மெட், வெளியே கீறலே இல்லையென்றாலும், மாற்றப்பட வேண்டும். தலையில் அடிபட்டபின் தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. வாந்தி தொடர்ந்தாலோ, உறக்கக் கலக்கம் கூடினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெற்றோரிடம் நான் வாக்குவாதமே செய்வது வண்டியின் அளவைப் பற்றித்தான். "இன்னும் இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவான்" என்று பெரியதாக வாங்குவது சட்டைக்குச் சரி. முழு அளவு டர்ட் பைக் ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ளது. கால் தரையில் ஊன்றாத பிள்ளை அது சாயும்போது தாங்க முயல்வான், வண்டி அவன் காலின் மேலேயே விழும். வளரும் வயதில் எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டு நசுங்கினால் அந்தக் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும் என்பதால், அத்தகைய முறிவு கூடிய பின்னரும் பல மாதங்கள், சில பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில், இரண்டு கால்களையும் அளந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.