மிக்ஸி நறுக்கும், கிரைண்டர் நசுக்கும்

பழனி மலைச் சரிவுகளில் தார் வெட்டியதும் வாழை மரத்தையும் சாய்த்துவிடுவார்கள். அந்த மட்டையிலிருந்து காகிதம் செய்து அதில் கலை முயல்பவர்கள் முதலில் தேடுவது ஒரு பழைய மிக்ஸியை. என்னைக் கேட்டால், பரணில் கிடக்கும் வெட் கிரைண்டரை இறக்கச் சொல்வேன்.

வாழைநார் என்பது நுண்ணிய செல்லுலோஸ் இழைகளின் கட்டு. லிக்னின், பெக்டின் என்ற இயற்கைப் பசைகள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. மட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சலவைச்சோடா கரைத்த நீரில் வேகவைத்தால் அந்தப் பிடி தளரும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பைப் போலவே நாரும் வேக நேரமாகும். குக்கரில் வைத்தால் என்ன? அலுமினியத்தைச் சோடா அரிக்கும், ஆவித் துளையில் நார் அடைத்தால் குக்கர் வெடிக்கலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் பொறுமையாக வேகவிடுவதே நல்லது.

அப்புறம் நன்றாக அலசி, நிறையத் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். மிக்ஸி பிளேடு நாரைக் குறுக்கே வெட்டிவிடும். நாரின் நீளம் போனால் காகிதத்தின் வலுவும் போச்சு. கிரைண்டர் கல் நாரை நசுக்கித் தேய்க்கும். நீளம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ள, மேற்பரப்பு மட்டும் உரிந்து மெல்லிய பிசிறுகள் கிளம்பும். உள்ளே தண்ணீர் புகுந்து நார் உப்பும். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் உருவான ‘ஹாலண்டர் பீட்டர்’ என்ற காகிதக்கூழ் அரைக்கும் இயந்திரமும், பட்டைகள் பதித்த உருளையைக் கொண்டு இந்த வேலையைத்தான் செய்தது.

கூழைத் தண்ணீரில் கலக்கி, மரச்சட்டத்தில் அடித்த கொசுவலையால் அள்ளினால் நார்கள் தாளாகப் படியும். மிச்சத் தண்ணீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை பிசிறுகளை நெருக்குகிறது. போதுமான அளவு நெருங்கியதும் செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. கோந்து ஒரு சொட்டும் தேவையில்லை.

கலைஞருக்கு விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் அரைத்த கூழ் சொரசொரப்பான, தடித்த தாளாகும். மணிக்கணக்கில் அரைத்தால் நார்களுக்கிடையே காற்று இடைவெளி குறைந்து வெளிச்சம் ஊடுருவும். டிரேசிங் பேப்பர் செய்யும் வழிகளில் ஒன்றும் இதுதான். நிறைய அரைத்த கூழ் காயும்போது பலமாகச் சுருங்கும் என்பதால், மெல்லிய கம்பிச் சட்டத்தின்மேல் போர்த்திவிட்டால் காகிதமே கம்பியை வளைத்துவிடும். தாள் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்திருந்தால் வளைவும் கோணலாகும். எனக்குப் பிடித்தது அந்தக் கோணல்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பங்குனி வெயில் உத்தமம். சோடாவில் வெந்த நார் ஓடிய அந்தக் கல்லில் மறுபடி இட்லி மாவு மட்டும் ஆட்டிவிடாதீர்கள்.