மோடம் ஏன் கத்தியது?

தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் இணைந்த காலத்தில், ஒவ்வொரு முறையும் இணைப்பு கிடைக்குமுன் மோடம் என்ற கருவி கூச்சலிடும். திருநெல்வேலியில் ஒரு வீட்டுத் தொலைபேசிக்கும் எக்சேஞ்சு எனப்பட்ட தொலைபேசி நிலையத்துக்கும் இடையே ஓடிய இரட்டைச் செம்புக் கம்பி பேச்சுக்காகப் போடப்பட்டது. பேச்சு புரிவதற்கு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையிலான அதிர்வெண்கள் போதும் என்பதால், அந்த எல்லைக்கு வெளியே உள்ளவற்றை எக்சேஞ்சில் இருந்த வடிகட்டிகள் வெட்டிவிட்டன. கணினியின் 0, 1 என்னும் மின்னழுத்த மாற்றங்களை இந்தத் தடத்தில் அப்படியே அனுப்ப இயலாது. அவற்றை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக்கி அனுப்பவும், வந்த ஒலியை மீண்டும் 0, 1 ஆக்கவும் பயன்பட்ட கருவியே மோடம்.

1962-இல் அமெரிக்காவில் வந்த பெல் 103 மோடத்தின் முறை மிக எளியது. அழைப்பவர் பக்கம் 1 என்றால் 1270 ஹெர்ட்ஸ், 0 என்றால் 1070 ஹெர்ட்ஸ்; பதில் தரும் பக்கத்துக்கு வேறு இரண்டு ஒலிகள். இதனால் நொடிக்கு 300 பிட், அதாவது 300 முறை 0 அல்லது 1, கிடைத்தது. பிறகு வந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர், ஒரே பிடியில் ஒரு முழுத் தொகையைச் சொல்லிவிடுவதுபோல, அலையின் வீச்சையும் (உயரத்தையும்) கட்டத்தையும் (அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும்) சேர்த்து மாற்றினால் ஒவ்வொரு மாற்றமும் பல பிட்டுகளைச் சுமக்கும். வி.32 என்ற சர்வதேசத் தர முறையைப் பின்பற்றிய மோடம் நொடிக்கு 2400 மாற்றங்களையே செய்தது. ஒவ்வொன்றும் 4 பிட் சுமந்ததால் வேகம் 9600 ஆயிற்று.

ஆனால் பிடிகளின் வகை பெருகப் பெருக, அவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாடு நுணுகிப்போகும். கம்பியில் சிறு இரைச்சல் இருந்தாலும் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். ஆகவே வேகமான மோடம் தகவலை அனுப்புமுன் தடத்தை அளந்தாக வேண்டும். இணைப்பின் தொடக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்ட கூச்சலில் பெரும்பகுதி இந்த அளவெடுப்பும் அதற்கான முன்னேற்பாடும்தான்.

முதலில் டயல் டோன், அதாவது எண்ணைச் சுழற்றலாம் என்று எக்சேஞ்சு தரும் ஒலி. நம் ஊர் டயல் டோனை அடையாளம் காணாத வெளிநாட்டு மோடங்கள் 'நோ டயல்டோன்' என்று கூறி நின்றுவிடும். அமைப்பில் 'ஏடிஎக்ஸ்3' என்ற கட்டளையைச் சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். மறுமுனை எடுத்ததும் வரும் நீண்ட கூவல் 2100 ஹெர்ட்ஸ். அது 450 மில்லிநொடிக்கு ஒருமுறை கட்டம் புரளும்; நெடுந்தொலைவு இணைப்புகளில் பேச்சின் எதிரொலியை அடக்க வைத்திருந்த கருவிகளை ஒதுங்கச் செய்யும் குறிப்பு அது. அடுத்து இரு மோடங்களும் தமக்குத் தெரிந்த முறைகளை நொடிக்கு 300 பிட் என்ற பழைய வேகத்திலேயே சொல்லிக்கொள்ளும். பின்னர், 1994-இல் வந்த வி.34 முறையில், 150 முதல் 3750 ஹெர்ட்ஸ் வரை பரவிய பல ஒலிகளை ஒரே நேரத்தில் அனுப்பி, எவை தேய்ந்து வருகின்றன, எவை முழுதாக வருகின்றன என்று மறுபக்கம் கணக்கிடும். கடைசியில் வரும் கரகரப்பு, அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்யவும் தன் குரலின் எதிரொலியைத் தானே கழித்துக்கொள்ளவும் மோடம் பழகும் வேளை. பழகி முடிந்ததும் ஸ்பீக்கர் அடங்கும்.

டயல் டோன் தவிர இவ்வளவும் மறுமுனை எடுத்த பிறகு நடப்பவை; அதாவது மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு. 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கான இணையம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் தொடங்கியது. நெல்லையிலிருந்து எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) போட்டு இணைந்தவர்கள், ஒரு மின்னஞ்சல் எழுத்துகூட வருமுன் இந்த அரை நிமிடப் பேரத்துக்கும் காசு கொடுத்தார்கள். அவர்கள் கட்டணம் குறையும் இரவு நேரத்துக்குக் காத்திருந்ததில் வியப்பில்லை.

ஒரு தடத்தில் பிழையின்றி அதிகபட்சம் எவ்வளவு தகவல் செல்லும் என்பதற்கு அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948-இல் தந்த சூத்திரத்தில் 3100 ஹெர்ட்ஸ் அகலத்தையும் (3400-இலிருந்து 300 கழிந்தது), நல்ல தொலைபேசித் தடத்துக்குரிய 35 டெசிபல் தெளிவையும் (இரைச்சலைவிடக் குறிப்பு எவ்வளவு வலியது என்ற அளவு) இட்டால் நொடிக்கு ஏறத்தாழ 36,000 பிட் வரும். வி.34 மோடம் 33,600-இல் நின்றது இதனால்தான். அப்படியானால் 56,000 எப்படி வந்தது? எக்சேஞ்சு நம் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்குகிறது. இந்த எண்ணாக்கத்தில் நேரும் தோராயமே இரைச்சலின் பெரும்பகுதி. இணைய நிறுவனமோ எக்சேஞ்சோடு எண்வழியாகவே இணைந்திருந்ததால், அங்கிருந்து நம்மை நோக்கி வரும் திசையில் அந்த இரைச்சல் இல்லை. 8 பிட்டில் 7-ஐ நம்பகமாகப் பயன்படுத்தினால் 8000 × 7 = 56,000. 1998-இன் வி.90 முறை இதுவே. நாம் அனுப்பும் திசையில் எண்ணாக்கம் தவிர்க்க முடியாதது; அங்கே 33,600 நீடித்தது.

பெட்டியில் அச்சிட்டிருந்த 56-ஐ வீட்டில் கண்டவர் அரிது. 40,000 பிட் கிடைத்தாலே நல்ல இணைப்பு; ஒரு மெகாபைட் கோப்பு இறங்க மூன்றரை நிமிடம். ஐப்பசி மழையில் கேபிள் இணைப்புகளுக்குள் நீர் இறங்கினால் பேசும்போதே கொரகொரவென்று கேட்கும். மோடம் பாதியில் நின்று மீண்டும் தடத்தை அளந்து, குறைந்த வேகத்துக்கு இறங்கும். இடி மின்னல் நேரத்தில் கணினியின் மின்செருகியோடு தொலைபேசி வயரையும் கழற்றுவது அறிந்தவர் வழக்கம். மின்னலின் மின்னோட்டம் அந்த வயர் வழியாகவும் வந்து மோடத்தை எரித்துவிடும்.

செம்புக்கு இன்னும் ஏராளமான திறன் உண்டு. தடையாக இருந்தது எக்சேஞ்சின் குரல் வடிகட்டி. 2000-களின் நடுவில் ஏ.டி.எஸ்.எல். அகலக்கற்றை வந்தபோது, எக்சேஞ்சின் வாயிலிலேயே தகவலைப் பிரித்தெடுத்து அந்த வடிகட்டியைச் சுற்றிப் போனார்கள். அதே கம்பியில் குரல் கீழே இருக்க, தகவல் 25,000 ஹெர்ட்ஸுக்கு மேல், காதுக்கு எட்டாத உயரத்தில் சென்றது. அந்த மோடமும் தடத்தை அளக்கத்தான் செய்தது. நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவே.