கார்ட் உடையுறது எப்போ? கீழ கிடக்கிறவரோட இடுப்புல நடக்குற இயற்பியல்

பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு மேட்ச் ஒண்ணை மொத தடவை பாக்குறவங்களுக்கு ரொம்பக் குழப்பமா இருக்குற விஷயம், ஒருத்தர் தானாவே தரையில உக்காந்து மல்லாந்துடுறதுதான். மல்யுத்தத்துல ரெண்டு தோளும் தரையில அழுந்தினா கதை முடிஞ்சுது, இங்க அப்படி இல்ல, உங்க ரெண்டு காலும் எதிராளிக்கும் உங்க நெஞ்சுக்கும் நடுவுல இருக்குற வரைக்கும் நீங்க ஆட்டத்துல இருக்கீங்க, அந்த நிலைக்குத்தான் கார்ட்னு பேரு, அங்க படுத்துகிட்டே கழுத்தை நெரிக்கலாம், கையை லாக் பண்ணலாம், ஆளைப் புரட்டிவிட்டு மேல ஏறலாம். 1994 டிசம்பர்ல அமெரிக்காவுல டல்சா நகரத்துல நடந்த யுஎஃப்சி 4ங்குற கலப்பு சண்டைப் போட்டியோட ஃபைனல்ல ஜியு-ஜிட்ஸு வீரர் ஹோய்ஸ் கிரேசி, தன்னை விட 30 கிலோவுக்கு மேல வெயிட் கூடின மல்யுத்த வீரர் டான் செவர்னுக்கு அடியில பதினஞ்சு நிமிஷம் தாக்குப்பிடிச்சு, கடைசியில ரெண்டு காலையும் முக்கோணமா பூட்டி கழுத்தை இறுக்கி ஜெயிச்சாரு. அந்த முக்கோணத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, ஆனா அதுக்கு முன்னாடி அத்தனை நிமிஷம் செவர்ன் காலைத் தாண்டி வந்து நெஞ்சு மேல செட்டில் ஆக முடியாம இருந்தாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மேல இருக்கிறவர் அந்தக் கால்களைத் தாண்டி பக்கவாட்டுல வந்து அமுக்கிட்டா அதுக்கு பாஸ்னு பேரு. ஐபிஜேஜேஎஃப்ங்குற சர்வதேச ஜியு-ஜிட்ஸு அமைப்போட ரூல்ஸ்ல பாஸ்க்கு 3 பாயிண்ட், கீழ இருந்து புரட்டி மேல வந்தா 2 பாயிண்ட்தான், அதுவும் பாஸ் பண்ண பொசிஷனை 3 செகண்ட் புடிச்சு வெச்சாதான் பாயிண்ட் கணக்குல வரும். அந்த 3 செகண்டுக்குள்ள முட்டியை உள்ள நுழைச்சு காலைத் திரும்ப நடுவுல கொண்டுவந்துட்டா எதிராளிக்கு அட்வான்டேஜ் மட்டும்தான் கிடைக்கும், அதாவது பாயிண்ட் சமமா முடிஞ்சா மட்டும் பாக்குற கணக்கு. இதைப் பார்த்துட்டு நிறைய பேரு கார்ட் ரிடென்ஷன், அதாவது கார்டை உடைய விடாம காப்பாத்துறதுன்னா கடைசி நேரத்துல துள்ளித் தப்பிக்கிறதுன்னு நெனச்சுக்குறாங்க, இடுப்பு ரப்பர் மாதிரி வளைஞ்சாதான் இதெல்லாம் நடக்கும்னும் சொல்லுவாங்க. வளைஞ்சா நல்லதுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா வேலையைச் செய்யறது தூரமும் கோணமும். உங்க கார்ட் உடைஞ்சது எதிராளி நெஞ்சு உங்க மேல விழுந்தப்போ இல்ல, அதுக்கு ஒரு செகண்டோ ரெண்டு செகண்டோ முன்னாடி உங்க இடுப்பு அவரைப் பாக்குறதை நிறுத்துச்சே, அப்பவே உடைஞ்சிடுச்சு.

டோரியாண்டோங்குற பாஸை எடுத்துக்குவோம், ஏன்னா இதுல எல்லாமே வெளிப்படையா தெரியும். எதிராளி நின்னுகிட்டு உங்க பேண்ட்டை ரெண்டு முட்டிகிட்டயும் கொத்தா புடிக்கிறாரு, ஒரு அழுத்து அழுத்தி உங்க ரெண்டு காலையும் உங்களுக்கு வலப்பக்கம் தள்ளிட்டு அவரு உங்க இடப்பக்கம் ஓடுறாரு. இந்த நொடியில உங்க தொப்புள் எங்க பாக்குதுன்னு கவனிங்க, காலோட சேர்ந்து இடுப்பும் வலப்பக்கம் திரும்பியிருக்கும், அவரோ உங்க இடது விலா பக்கம் நிக்குறாரு. கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, பலமும் குறையல, ஆனா அது இருக்குற இடத்துல எதிராளி இல்ல, அவ்வளவுதான் பாஸ், நெஞ்சை இறக்குறது வெறும் மிச்ச வேலை. இதைச் சரி பண்ண நீங்க செய்ய வேண்டியதும் அதே மாதிரி ஒண்ணே ஒண்ணுதான், இடுப்பைத் திரும்ப அவரைப் பாக்க வெக்கணும், அதாவது கிடந்த இடத்துலயே 90 டிகிரி சுத்தணும்.

இங்கதான் கணக்கு உங்க பக்கம் இருக்கு. அவரு உங்க இடுப்புலேருந்து 1 மீட்டர் தள்ளி நிக்குறாருன்னு வெச்சுக்குவோம், வட்டத்துல நாலுல ஒரு பங்கு சுத்தி வர அவரு சுமார் 1.57 மீட்டர் நகரணும், மொத்த உடம்பையும் தூக்கிட்டு ரெண்டு மூணு அடி வெக்கணும். நீங்க நகர வேண்டிய தூரம் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, அச்சு மேல திரும்புனா போதும். ஆனா இந்த லாபம் தூரத்தைப் பொறுத்தது, அவரு அரை மீட்டர் கிட்ட வந்துட்டா அதே கோணத்துக்கு அவருக்கு 78 சென்டிமீட்டர் போதும், அதாவது ஒரே ஒரு எட்டு வெச்சா போதும். நெஞ்சோட நெஞ்சு ஒட்டிட்டா உங்க லாபம் பூஜ்யம், அதுக்கப்புறம் யாரு வெயிட்டோ அவங்க ராஜ்ஜியம். பாதத்தை எதிராளியோட இடுப்பு மேல வை, பைசெப்ஸ் மேல வை, தொடை மேல வைன்னு கோச்சுங்க ஓயாம கத்துறது இதுக்குத்தான், அவரைத் தூரத்துல நிறுத்துறதே அவரை நீளமான பாதையில ஓட வெக்கிறதுக்கு.

சரி, திரும்பணும்னு தெரியுது, ஆனா திரும்ப முடியலையேன்னு புதுசா வர்றவங்க சொல்லுவாங்க. அவங்க படுத்திருக்கிற விதத்தைப் பார்த்தா காரணம் தெரிஞ்சுடும், முதுகு முழுசா மேட்ல ஒட்டியிருக்கும். உராய்வு விசைங்குறது எடையையும் பரப்போட தன்மையையும் பொறுத்தது, தரையில எவ்வளவு பரப்பு ஒட்டுதுங்குறது அதை பெருசா மாத்தாதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனா சுத்தும்போது கதை வேற. சுத்துறதைத் தடுக்குறது உராய்வு விசை மட்டும் இல்ல, அந்த விசை அச்சுலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்குறதும் சேர்ந்துதான். நேரா மல்லாந்து கிடந்தா தோள்பட்டை ஒரு முனையில, பிட்டம் இன்னொரு முனையில, ரெண்டுக்கும் நடுவுல அரை மீட்டர் கிட்ட இடைவெளி, ரெண்டும் தரையைத் தேய்ச்சுகிட்டு நீங்க சுத்துறதைத் தடுக்கும். முட்டியை நெஞ்சுகிட்ட இழுத்து, தலையைத் தூக்கி, முதுகை வில்லா வளைச்சீங்கன்னா தரையில படுறது முதுகு நடுவுல கையகலம் இடம்தான், எடை அதேதான், உராய்வும் அதேதான், ஆனா அது அச்சுக்குப் பக்கத்துலயே இருக்குறதால தடை ரொம்பக் கொறைஞ்சிடும். பம்பரம் ஆணி முனையில நின்னு சுத்துற அதே விஷயம்தான். அதோட கால் உடம்போட ஒட்டி இருக்குறதால சுழல் நிலைமமும் கம்மியாகும், அதே தள்ளுக்கு வேகமா திரும்புவீங்க.

முட்டியை நெஞ்சுகிட்ட வெக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு, முட்டிக்கும் முழங்கைக்கும் நடுவுல இருக்குற சந்துதான் எதிராளி உள்ள வர்ற வழி. அவரு தலையும் தோளும் நுழையுற அளவுக்கு அங்க இடம் இருந்தா நீங்க எவ்வளவு பலசாலியா இருந்தாலும் வந்துடுவாரு, முழங்கையும் முட்டியும் தொட்டுகிட்டு இருந்தா அவரு மொதல்ல அதைப் பிரிக்கணும், அதுக்கு நேரம் ஆகும், அந்த நேரம் உங்களோடது.

தடுப்பு அடுக்கு அடுக்கா இருக்குன்னு நெனச்சுக்கோங்க. பாதம் வெளிய, அதுக்குள்ள முட்டியும் அதுக்குக் கீழ இருக்குற முன்னெலும்பும், அதுக்குள்ள கை போடுற ஃபிரேம், எல்லாம் போனா தலைகீழா சுத்தி காலைத் திரும்ப நடுவுல போடுற இன்வெர்ஷன். வெளி அடுக்குல வேலை செய்யறது ரொம்ப மலிவு, பாதத்தை ஒரு சாண் நகர்த்துனா போதும், உள்ள போகப் போக அதே பலனுக்கு மூச்சு வாங்கும். அதனால ஒரு அடுக்கு போனதும் அடுத்ததைப் போடுறதோட நிறுத்திடக்கூடாது, போன அடுக்கை மீட்கணும். கையால தோளைத் தடுத்தீங்களா, அந்த இடைவெளியில முட்டி வரணும், முட்டி வந்ததும் பாதம் அவரு இடுப்புக்கு வரணும், பாதம் வந்தப்புறம்தான் கை விடுதலை ஆகும். நிறைய பேரு கையால தடுத்ததும் அப்பாடான்னு அங்கேயே நின்னுடுவாங்க.

ஃபிரேம்னு சொன்னதால அதையும் பார்த்துடலாம். கையை முழுசா நீட்டி எதிராளி நெஞ்சைத் தள்ளுனா உங்க ட்ரைசெப்ஸும் தோளும் அவரோட முழு எடையையும் புடிக்கணும், தசை விடாம இறுகி இருக்குறப்போ உள்ள ரத்த ஓட்டம் கொறையும், சீக்கிரமே கை செத்துப்போகும், நீட்டின கையை அவரு லாக் பண்ற ஆபத்து வேற. அதே முன்கையை அவரு கழுத்தும் தோளும் சேர்ற இடத்துல குறுக்க வெச்சு, முழங்கையை உங்க விலாவோட ஒட்டி ஊனிட்டா அவரு எடை எலும்பு வழியா உங்க உடம்புக்கும் தரைக்கும் போயிடும், மூட்டுல திருப்பு விசை கொறைவா இருக்குறதால தசைக்கு வேலை கம்மி. ஃபிரேம் எதிராளியைத் தூக்குறதுக்கு இல்ல, அவரை அங்கேயே நிறுத்திட்டு நீங்க நகர்றதுக்கு.

நகர்றதுன்னா ஹிப் எஸ்கேப், இறால் சுருண்டு போற மாதிரி இருக்குறதால ஷ்ரிம்ப்னு கூப்பிடுவாங்க, எல்லா ஜிம்லயும் வார்ம் அப்ல வரும், பாதி பேரு அதைக் கடமைக்குச் செய்வாங்க. இதோட சூட்சுமம் இடுப்பை இழுக்குறதுக்கு முன்னாடி வர்ற சின்ன பிரிட்ஜ்ல இருக்கு. மொதல்ல பாதத்தை ஊனி இடுப்பைக் கொஞ்சமா தூக்கணும், அப்போ எடை ஒரு தோளுக்கும் பாதத்துக்கும் போயிடும், இடுப்பு மேல எடையே இல்லைன்னா அங்க உராய்வும் இல்ல, வழுக்கிட்டு பின்னாடி போகும். பிரிட்ஜ் இல்லாம இழுத்தா உங்க எடையையும் சேர்த்து தரையில தேய்ச்சுகிட்டு போறீங்க. எதிராளி ஏற்கனவே இடுப்பு மேல படுத்துட்டார்னா அவரு எடையும் அந்தக் கணக்குல சேர்ந்துடும், அதனாலதான் இதை அவரு விழுறதுக்கு முன்னாடி செய்யணும், விழுந்தப்புறம் செய்யறது ரொம்பக் கஷ்டம்.

'நீ கட்' (knee cut, முட்டியால அறுக்குறது) பாஸ் டோரியாண்டோவுக்கு நேர் எதிர் ரகம், இங்க எதிராளி சுத்தி ஓட மாட்டாரு, நடுவுலயே வருவாரு. ஒரு முட்டியை உங்க தொடை மேல குறுக்க வெச்சு அரிவாளால அறுக்குறாப்ல தரை வரைக்கும் இறக்குவாரு, கூடவே ஒரு கையை உங்க அக்குளுக்கு அடியில விட்டு அண்டர்ஹுக் போடுவாரு, இன்னொரு கையால கிராஸ்ஃபேஸ். பிரேசிலோட லியாண்ட்ரோ லோ இந்த பாஸ்ல எவ்வளவு பேரைக் கடந்து போனாருன்னு அவரு மேட்ச்களைத் தேடிப் பாருங்க, அந்த முட்டி இறங்குற வேகமும் சமநிலையும் அழகு. கிராஸ்ஃபேஸ் பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா தோளால தாடையைத் தள்ளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டா கழுத்தெலும்போட சேர்ந்து மேல் முதுகும் அந்தப் பக்கம் போகும், இப்போ நீங்க எதிராளி பக்கம் திரும்பணும்னா மொதல்ல கழுத்தை ஜெயிக்கணும். ரெண்டு தோளும் தரையில பட்டதும் சுத்துற வித்தை எல்லாம் செல்லாது. அதனால 'நீ கட்' பாஸுக்கு எதிரா மொத வேலை அவரு பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலோட முழங்காலை அவரு நெஞ்சுக்குக் குறுக்க போடுறது, அதோட அந்த கிராஸ்ஃபேஸ் கையோட பைசெப்ஸைத் தடுக்குறது. அண்டர்ஹுக் சண்டையில நீங்க மொதல்ல உங்க கையை அவரு அக்குளுக்கு அடியில நுழைச்சுட்டா ஆட்டம் அப்படியே தலைகீழா மாறி நீங்க அவரு முதுகுக்குப் போக வழி பொறக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சாலும் லேட்டாகுதே, ஏன்? கண்ணால ஒரு அசைவைப் பார்த்து உடம்பு பதில் சொல்ல ரொம்ப எளிமையான சோதனையிலயே சுமார் 0.2 செகண்ட் ஆகும், எதிராளி செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துல நகர்ந்தா அதுக்குள்ள 40 சென்டிமீட்டர் போயிட்டாரு. தொடுதல் வழியா வர்ற செய்திக்கு உடம்பு இதை விடக் கொஞ்சம் சீக்கிரமாவே பதில் சொல்லும். அவரு ஸ்லீவை நீங்க புடிச்சிருந்தா, பாதம் அவரு இடுப்புல இருந்தா, அவரு கிளம்புறதுக்கு முன்னாடி எடை மாறுறதையே நீங்க உணர்ந்துடுவீங்க. இன்னொண்ணு, 1952ல வில்லியம் எட்மண்ட் ஹிக்குங்குற பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர் காட்டின விஷயம், எதிர்பாக்க வேண்டிய வாய்ப்புகள் கூடக் கூட பதில் சொல்ற நேரமும் கூடும். ஸ்லீவ் கிரிப் ஒண்ணு போட்டா அந்தப் பக்கம் அவரால செய்ய முடிஞ்சது கொறையுது, உங்க மூளை யோசிக்க வேண்டியதும் கொறையுது. கிரிப் இல்லாம வெறுங்கையோட காத்துகிட்டு இருக்கிறவர் தன்னோட வேகத்தையே கொறைச்சுக்குறாரு.

சின்ன ஆளுங்களுக்கு இது எல்லாம் எங்க கொண்டுபோய் விடும்னு பாக்கணும்னா 2019 ஏடிசிசிங்குற உலக அளவு கிராப்ளிங் போட்டியில லாக்லன் கைல்ஸைப் பாருங்க, ஆஸ்திரேலியாக்காரர், பிசியோதெரபி படிச்சு டாக்டரேட் வாங்கினவர், 77 கிலோ பிரிவு ஆளு, எடை வரம்பே இல்லாத பிரிவுல தன்னை விட ரொம்பப் பெரிய மூணு பேரை ஹீல் ஹுக்ல, அதாவது குதிகாலைப் புடிச்சு முட்டியைத் திருகுற லாக்ல, தட்டித் தோல்வியை ஒத்துக்க வெச்சு வெண்கலம் வாங்கினாரு. அந்த அட்டாக் எல்லாம் கீழ இருந்து வந்தது. கார்ட் நிக்கலைன்னா அந்த ஹீல் ஹுக்குக்கு வழியே கிடையாது.

இன்வெர்ஷன் பத்தி ஒரு எச்சரிக்கை மட்டும். பிரேசிலோட மென்டிஸ் சகோதரர்கள் பெரிம்போலோவை, அதாவது கீழ இருந்து தலைகீழா சுத்தி எதிராளி முதுகுக்குப் போற வித்தையைப் பிரபலமாக்குனதுக்கு அப்புறம் எல்லாரும் தலைகீழா சுத்த ஆரம்பிச்சாங்க, தப்பில்ல, ஆனா எடை தோளோட பின்பக்கத்துல இருக்கணும், கழுத்துல இல்ல, எதிராளி மேல இருந்து மடக்கி அமுக்குறப்போ சுத்த முயற்சி பண்ணவே கூடாது, கழுத்து போனா போனதுதான். முதுகு விறைப்பா இருக்கிறவங்க இன்வெர்ஷனே இல்லாமலும் அருமையான கார்ட் வெச்சுக்கலாம், மத்த மூணு அடுக்கே போதும்.

பழகுறதுக்கு நான் எப்பவும் சொல்றது, முழு ரவுண்டு ஸ்பாரிங்ல இதைக் கத்துக்க நெனைக்காதீங்க, அதுல பாஸ் ஆகுற அந்த ஒரு செகண்ட் எப்பவாவதுதான் வரும். பார்ட்னர் உங்க ரெண்டு காலையும் ஏற்கனவே ஒரு பக்கம் தள்ளிப் புடிச்ச நிலையில இருந்து ஆரம்பிங்க, அவரு பாதி வேகத்துல பாஸ் பண்ணட்டும், நீங்க இடுப்பைத் திருப்பி முட்டியை உள்ள கொண்டுவந்து பாதத்தை அவரு இடுப்புல வெச்சதும் ரீசெட். நெஞ்சு ஒட்டிட்டா அடுத்த தடவை அவரை ஒரு அடி தள்ளி நிக்க வெச்சு ஆரம்பிங்க, ஈஸியா ஆனதும் அரை அடி கிட்ட வரச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் செய்ங்க, அதுலயும் வராத பக்கத்துக்கு கூடுதல் நேரம் குடுங்க, ஏன்னா நல்ல பாஸர் ரெண்டாவது நிமிஷத்துலயே அந்தப் பக்கத்தைக் கண்டுபுடிச்சிடுவாரு.