நீர் உரிமை விதிகள் மாறும்போது நம் ஆட்சேபணையைப் பதிவு செய்வது எப்படி?

எந்த மதகுத் தண்ணீர் யாருக்கு, முறை எத்தனை நாள் என்பதெல்லாம் நம் வேலூர்ப் பக்கத்து ஊர்களில் மாமூலாக நடப்பது. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டிக்குத் தெரியும், ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். விதி எழுதும் அதிகாரிக்கு நாம் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும். அதனால், கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தால் தயவுசெய்து அசட்டையாக விடாதீர்கள்.

ஆறு, ஏரி, கால்வாய்த் தண்ணீர் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆயக்கட்டுக்காரருக்கு, அதாவது அந்தத் தண்ணீர் பாயும் நிலத்துக்காரருக்கு, பாசன உரிமை உண்டு. 2000-ம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் அவர்களுக்கு நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களையும் தந்தது. கிணற்றுத் தண்ணீரின் கதை வேறு. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இதை முறைப்படுத்தத் தமிழக அரசு 2003-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தானது. இன்றும் ஆழமாகப் போர் போட முடிந்தவருக்குத்தான் தண்ணீர். பாலாற்று மணலில் ஊறும் நீருக்கு ஊற்றுக்கால் வெட்டிப் பாய்ச்சிய ஊர்களுக்கு இந்த வேதனை நன்றாகவே தெரியும்.

சரி, எப்போது நம்மைக் கேட்பார்கள்? மசோதாவுக்கு முன் மக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மாநிலத்தில் இல்லை. அந்தக் கட்டத்தில் எம்.எல்.ஏ.விடம்தான் சொல்ல வேண்டும். விதிகள் அப்படியல்ல. முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று அந்த விதிகளுக்கு அடிப்படையான மூலச் சட்டம் சொல்லியிருந்தால், வரைவு அரசிதழில் வர வேண்டும். வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே அதை இறுதி செய்ய முடியும். கெடு தேதி அறிவிப்பிலேயே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

மனுவில் "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. வரைவின் எந்தப் பிரிவு, அது நம்மை எப்படிப் பாதிக்கும், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்று எழுதுங்கள். ஏரியின் சர்வே எண், மதகு, ஆயக்கட்டு ஏக்கர், ஏரி நிரம்பிக் கடைசியாகக் கோடி (உபரி நீர்) போன வருஷம் எல்லாம் இருக்கட்டும். "இரண்டாவது மதகை அடைத்தால் கடைமடை நிலத்துக்கு நடவு நேரத்தில் தண்ணீர் ஏறாது" என்ற ஒரு வரி, பத்துப் பக்க ஆதங்கத்தைவிட வலுவானது. பட்டா நகல் இருந்தால் இணையுங்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர்களும், ஏரித் தண்ணீரை நம்பி மாடு வளர்ப்பவர்களும் எழுதலாம். அவர்கள் குரல்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

அறிவிப்பில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நகலை வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கலாம். கெடுவுக்குள் கிராம சபை வந்தால் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை உண்டு. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், நம் மனு என்ன ஆனது? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.