மைக்ரோகிளியா: மூளைக் காவல் செல்

மூளை நோய்களுக்கான புதிய சிகிச்சைகளைப் பற்றிப் படித்தால் 'மைக்ரோகிளியா' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் எதிர்ப்பாற்றல் செல்களுக்குத்தான் இந்தப் பெயர். இவற்றை மரபணு அளவில் மாற்றி, நோய்க்கு எதிராகப் பயன்படுத்தும் முயற்சியும் நடக்கிறது.

கிரேக்கத்தில் 'மைக்ரோஸ்' என்றால் சிறியது, 'கிளியா' என்றால் பசை. நரம்புச் செல்களுக்கு நடுவில் இருப்பதெல்லாம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் சாந்து என்று நினைத்த ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, 1850களில் அதற்கு 'நியூரோகிளியா' என்று பெயர் வைத்தார். 1919இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா, வெள்ளிக் கார்பனேட்டால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தச் சாந்துக்குள் தனி இனம் ஒன்று தெரிந்தது: சின்ன உடல், கிளைகிளையாகப் பிரியும் மெல்லிய கரங்கள். மூளையில் காயம் பட்டால் கரங்களைச் சுருக்கி, உருண்டு, அந்த இடத்துக்கு நகர்ந்து, சிதைந்த செல்களை விழுங்கின. ஒட்டுகிற வேலை இவற்றுக்கு இல்லவே இல்லை. ஆனாலும் பெயர் மாறவில்லை.

சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'நுண் நரம்புப்பசைச் செல்' என்று வரும். பிழையில்லைதான், ஆனால் படிப்பவர் மனதில் பசைதான் நிற்கும். செய்கிற வேலையைச் சொல்லும் 'மூளைக் காவல் செல்' மேல் என்பது என் கருத்து. நோயாளியின் வீட்டாருக்கும் அது உடனே புரியும். பாடநூலில் மைக்ரோகிளியா என்றே எழுதிவிடலாம்.

சரி, இவற்றை ஏன் மரபணு அளவில் மாற்றுகிறார்கள்? ரத்தத்தில் செலுத்தும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை ரத்த-மூளைத் தடுப்பு உள்ளே விடாது. காவல் செல்லோ உள்ளேயே இருப்பது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள், பலவகைச் செல்களாக வளரக்கூடிய மனிதக் குருத்தணுக்களிலிருந்து இந்தச் செல்களை வளர்த்து, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறையில் திருத்தினார்கள். அல்சைமர் நோயில் சேரும் அமிலாய்டு புரதத்தைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியை அவை சுரக்க வேண்டும், அதுவும் படிவு இருக்கும் இடத்தில் மட்டும். அதற்காக, படிவின் பக்கத்தில் செல் வந்தால் தூண்டப்படும் சிடி9 என்ற மரபணுவின் கட்டுப்பாட்டில் நொதியை வைத்தார்கள். எலிகளின் மூளையில் அமிலாய்டு குறைந்தது, அழற்சியும் தணிந்தது. 2025இல் முடிவுகள் வெளியாயின.

மனித மூளைக்கு இதைக் கொண்டுவர இன்னும் பெரிய வேலை பாக்கி இருக்கிறது. அங்கே ஏற்கெனவே காவல் செல்கள் நிறைந்திருப்பதால், புதியவை தங்க முதலில் இடம் ஏற்படுத்தித் தர வேண்டும்.